சவுத் பாஸ் மேப் நாட்குறிப்பு

ஜனவரி 11

ராத்திரி முழுக்க லேண்டர் ஷீட்லயே போச்சு. அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்தோட பழைய டோப்போ மேப் (மலை மேடு பள்ளமெல்லாம் காட்டுற மேப்), 1:2,50,000, அதாவது மேப்ல ஒரு சென்டிமீட்டர்னா தரையில ரெண்டரை கிலோமீட்டர். யுஎஸ்ஜிஎஸ்காரங்க (அமெரிக்க அரசோட நிலவியல் ஆய்வுத் துறை) பழைய ஷீட்டையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஃப்ரீயா போட்டிருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு. மேல விண்ட் ரிவர் மலை, அங்க காண்டூர் கோடெல்லாம் (ஒரே உயரத்துல இருக்குற இடங்களைச் சேர்க்குற கோடு) நெருக்கியடிச்சு ஒரே பிரவுனா அப்பிக் கெடக்கு. அப்படியே தெற்கால இறங்கி வந்தா கோடு விலகி விலகி, ஒரு இடத்துல பேப்பர் வெறிச்சுன்னு ஆயிடுது. அதான் சவுத் பாஸ். ஓரிகன் டிரெயில்ல, அதாவது 19-ம் நூற்றாண்டுல மேற்கால குடியேறப் போன பாதையில, போன லட்சக்கணக்கான ஜனங்களும் மாட்டு வண்டியோட ராக்கி மலைத்தொடரைத் தாண்டினது இந்த வெறும் இடத்துலதான்.

ஜனவரி 12

உயரம் 7,412 அடி. ஆனா அகலம் முப்பது கிலோமீட்டருக்கு மேல, ஏத்தமே தெரியாது, எப்ப தாண்டினோம்னே நிறைய பேருக்குப் புரியலயாம். கிழக்கால ஸ்வீட்வாட்டர் ஆறு, அந்தத் தண்ணி மிசிசிப்பி வழியா அட்லாண்டிக் பக்கம் போகுது. மேற்கால கொஞ்ச தூரத்துலயே பசிஃபிக் ஸ்பிரிங்ஸ், அந்த ஊத்துத் தண்ணி கிரீன் ரிவர், கொலராடோன்னு வேற சமுத்திரத்துக்குப் போகுது. மேப்ல ரெண்டு நீலக் கோட்டுக்கும் நடுவுல விரலை வச்சா மறைஞ்சிடும்.

ஜனவரி 15

இன்னிக்குப் படிச்சது மனசை விட்டுப் போகல. 1812-ல ராபர்ட் ஸ்டூவர்ட்னு ஒரு தோல் வியாபாரி மேற்குலேர்ந்து திரும்பி வரும்போது தெற்கால குறுக்கு வழி இருக்குன்னு சொன்னது ஒரு ஷோஷோனி (அங்கத்திய பூர்வகுடி) ஆள். அப்புறம் 1824-ல தோலுக்காக வேட்டையாடுற ஜெடிடையா ஸ்மித் கோஷ்டி வந்துச்சு, அவங்க க்ரோங்கிற இன்னொரு பூர்வகுடி ஜனங்களோட தங்கியிருந்தப்போ, கூட இருந்த ஜேம்ஸ் க்ளைமன் ஒரு எருமைத் தோலை விரிச்சு மணலைக் கொட்டி குமிச்சுக் குமிச்சு மலையெல்லாம் செஞ்சு காட்டியிருக்கார், க்ரோக்காரங்க உதவியோட கிரீன் ரிவருக்கு எப்படிப் போறதுன்னு அதுலதான் புரிஞ்சிருக்கு. காண்டூர் கோடு செய்யிற வேலையைத்தான அந்த மணல் செஞ்சிருக்கு! வழி சொன்ன அந்த ஷோஷோனி ஆள் பேரு நான் படிச்சதுல எங்கயும் இல்ல, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கு, ஸ்மித்தையும் ஸ்டூவர்ட்டையும் எழுதுற எடத்துல அவரையும் க்ரோ ஜனங்களையும் சேர்த்தே எழுதணும்.

ஜனவரி 16

மேற்கு ஓரம் பாக்க ஆரம்பிச்சேன். சப்லெட் கட்ஆஃப்னு ஒரு குறுக்கு வழி, பிக் சாண்டி ஆத்தை விட்டா கிரீன் ரிவர் வர்ற வரைக்கும் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் குடிக்கத் தண்ணி கிடையாது, மாட்டுக்கும் சேர்த்துதான். நாள் மிச்சமாகும்னு அதுலயும் போயிருக்காங்க. நாளைக்கு அடுத்த ஷீட்டை டவுன்லோட் பண்ணி கிரீன் ரிவர்ல எங்க போய் இறங்குறாங்கன்னு பாக்கணும்.