பர்மா ஏன் கதவைச் சாத்தியது?
காரைக்குடியில் பர்மா தேக்குத் தூணைத் தட்டிக் காட்டிப் பெருமை பேசுகிறோம், அந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கையை யார் யோசிக்கிறோம்? சர்வதேச உறவு அறிஞர் கென்னத் வால்ட்ஸ் வகைக் கோட்பாட்டில் எல்லாமே வல்லரசுகளின் பலச் சமநிலைதான், சின்ன நாடுகளுக்குப் பெரிதாக இடமில்லை.

சரி, 1962-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி நே வின் ஏன் உலகத்தையே ஒதுக்கினார்? உள்ளே கரேன் இனத்தவரின் கிளர்ச்சி, கம்யூனிஸ்டு கிளர்ச்சி, பக்கத்தில் சீனா. புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்கு முதல் பயம் எல்லைக்கு உள்ளேதான், அரசையே இன்னும் கட்டி முடிக்கவில்லையே என்கிற இன்னொரு அறிஞர் முகமது அயூப்தான் இங்கே பொருந்துகிறார். 1979-இல் அணிசேரா இயக்கத்தையும் விட்டார்கள்.

நம்ம ஆட்கள் 'நன்றிகெட்ட நாடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம், பெரும்பாலும் வாராக்கடனுக்கு ஈடாக, அங்கே வட்டிக்கு விட்ட நம்ம செட்டியார்கள் கையில் இருந்ததே என்றால் அப்பச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது.