ரசீதில் ஒரே ஒரு இலக்கம் தப்பு: ரிவால்வரைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு

தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரசீதை வாங்கியதும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் ரசீதில் எழுதிய எண்ணையும் அங்கேயே நின்று ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அதனால் 2024 மாம்பழ சீசனில் மண்டியை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன்.

எனக்குக் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி, தோப்பும் வீடும் போச்சம்பள்ளி பக்கம். சீசனில் ராத்திரி நேரத்தில் பணத்தோடு வர வேண்டியிருக்கும். அதற்காகத்தான் அப்பா காலத்தில் பாயிண்ட் 32 ரிவால்வர் வாங்கினோம். அவருக்குப் பிறகு லைசென்ஸ் என் பெயரில். சாதாரண நாளில் வீட்டில் சுவரோடு போல்ட் போட்ட லாக்கரில் ரிவால்வர் இருக்கும், தோட்டாக்கள் வேறு பீரோவில் இருக்கும். இரண்டு சாவியும் என் இடுப்பில். வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடியாடுவதால் அதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

மார்ச் 16-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். நாலைந்து நாளில் ஸ்டேஷனிலிருந்து போன். எனக்கு மண்டியில் வேலை இருந்ததால், டவுன் ஸ்டேஷன்தானே பக்கம் என்று அங்கே கொண்டுபோனேன். லைசென்ஸில் இருக்கும் முகவரி எந்த சரகமோ அங்கேதான் வாங்குவார்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் வீண் நடை அது. திரும்புகிற வழியில் தேர்தல் பறக்கும் படை காரை நிறுத்தினார்கள். தோட்டா தனி டப்பாவில், ரிவால்வர் காலியாகப் பெட்டிக்குள், அசல் லைசென்ஸ் புத்தகம் கையில். எடுத்துக் காட்டினேன், ஒப்படைக்கப் போகிறேன் என்றேன், விட்டுவிட்டார்கள். இடுப்பில் சொருகிக்கொண்டு போயிருந்தால் கதையே வேறு. அந்தச் சமயத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தாலே கணக்குக் கேட்கிறார்கள், துப்பாக்கியைச் சும்மா விடுவார்களா?

மறுநாள் எங்கள் சரக ஸ்டேஷனில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ரைட்டர், அதாவது ஸ்டேஷனில் பதிவேடு எழுதும் போலீஸ்காரர், லெட்ஜரில் எழுதினார், ரசீது கொடுத்தார், நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தமிழ்நாட்டில் ஓட்டுப் பதிவு ஏப்ரல் 19-லேயே முடிந்துவிட்டது. ஆனால் நாடு முழுக்க ஏழு கட்டமும் முடிந்து ஜூன் 4-ல் முடிவு வரும்வரை ரிவால்வர் ஸ்டேஷனில்தான். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். பெங்களூரா மாங்காய் மும்முரமாக இறங்குவதும் மாங்கூழ் கம்பெனிக்காரர்கள் பணம் பட்டுவாடா செய்வதும் அந்த நாட்களில்தான். இங்கே ஒரு விவரம், எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரும் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லவில்லை. கலெக்டரும் எஸ்.பி.யும் உள்ள ஆய்வுக் குழு ஒவ்வொரு லைசென்ஸையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஜாமீனில் இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு கலவரத்தில் சம்பந்தப்பட்டவர்கள்தான் முக்கியமாக ஒப்படைக்க வேண்டியவர்கள் பட்டியலில். பேங்க் காவலாளிகளுக்கும் ரைபிள் சங்கத்தில் பதிந்த போட்டியாளர்களுக்கும் விலக்கு உண்டு. உண்மையான தேவை இருந்தால் அறிவிப்பு வந்த உடனே காரணத்தை எழுதி மனு கொடுங்கள். நானோ, ஸ்டேஷனிலிருந்து போனில் கூப்பிட்டதும் மனு எதுவும் கொடுக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தவன்.

ஜூன் 6-ல் தேர்தல் நடத்தை விதிகள் விலக்கப்பட்டன. முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தருவது வழக்கம் என்பதால் பத்து நாள் விட்டே போனேன். ரைட்டர் மாறியிருந்தார். பழையவருக்கு டிரான்ஸ்ஃபர். புதியவர் சணல் கட்டிய பெட்டியை எடுத்து வைத்தார், ரசீதைப் பார்த்தார், ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்பர் ஒத்து வரலைங்களே. ரசீதுல 3, இதுல 8. நான் எப்படிங்க இதைத் தர்றது?”

பொறித்த எழுத்து தேய்ந்துபோய் 8-ன் இடது பக்கம் மங்கியிருந்தது. பழையவர் அதை 3 என்று எழுதிவிட்டார். லெட்ஜரிலும் அதே 3. லைசென்ஸ் புத்தகத்தில் சரியாக 8 என்றுதான் இருக்கிறது, அதைக் காட்டினேன். “புத்தகம் உங்களுது, லெட்ஜர் எங்களுது. லெட்ஜர்ல இருக்கறதைத்தானே நான் தர முடியும்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. எண் ஒத்து வராத துப்பாக்கியை வெளியே விட்டால் அவர் தலைதான் உருளும். ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார், நாளைக்கு வாங்க. நாளைக்குப் போனால் கோர்ட்டுக்குப் போய்விட்டார். மூன்றாவது நடையில் ஒரு பெண் போலீஸ்தான் வழி சொன்னார்: “ஐயா, வாயில சொன்னா நடக்காதுங்க. வாங்கின பில், லைசென்ஸ் நகல் வெச்சு ஒரு மனு எழுதிக் குடுங்க. லெட்ஜர்ல திருத்தம் போடணும்னு கேளுங்க.”

அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். அப்பா வாங்கிய காலத்து பில்லை என் சம்சாரம் பத்திரக் கட்டுக்குள் வைத்திருந்தாள். ஆயுதக் கடை முத்திரையோடு, எண் பளிச்சென்று. ஒப்படைப்பதற்கு முந்தின நாள் என் மகன் போனில் எடுத்த படமும் கைகொடுத்தது. அந்தப் படத்தில் 8 முழுசாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் போட்டு மனுவோடு கொடுத்து, மனுவுக்கும் ரசீது வாங்கினேன். இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, லெட்ஜரில் 3-ஐ அடித்து 8 போட்டு, பக்கத்தில் தேதியோடு கையெழுத்திட்டார்.

இன்னொரு தப்பு முழுக்க என்னுடையது. தோல் உறையோடு ஒப்படைத்துவிட்டேன். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கோடை மழையும் பெய்தது. குழல் முனையிலும் சிலிண்டர் ஓரத்திலும் செந்துரு. உறையை வீட்டில் வைத்துவிட்டு, துப்பாக்கி எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் கொடுத்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் போகும். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு போட்டால் இன்னும் நல்லது.

ஸ்டேஷன் வேண்டாம் என்றால் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலும் ஒப்படைக்கலாம். வாடகை கேட்பார்கள், ஆனால் பராமரிப்பு தெரிந்தவர்கள். ஓசூர்க்காரர்கள் பெங்களூரு பக்கம்தானே என்று கிளம்ப வேண்டாம். லைசென்ஸில் தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் அத்திப்பள்ளி பக்கம் கர்நாடக எல்லையைத் தாண்டிய நிமிஷமே குற்றம்.

திரும்ப வாங்கும்போது லெட்ஜரில் “பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்துக் கேட்டார்கள். இந்த முறை அவசரப்படவில்லை. எண்ணை வாய்விட்டுப் படித்தேன். தோட்டா 20-ஐயும் மேஜையில் வரிசையாக அடுக்கி எண்ணினேன். குழல் முனையில் துரு இருப்பதையும் எழுதச் சொன்னேன். ரைட்டர் தயங்கினார். உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர், “இருக்கறதை எழுதுங்க” என்றார். எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.