மாமியின் போத்தல் வெள்ளரி

மட்டக்களப்பில் வீடு மகளுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். மதுரைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நான் புருஷன் வீட்டில் வந்து இறங்கியது எங்கள் ஊரில் ஒரு செய்தியே இல்லை. இங்கே ஒழுங்கை முழுக்க அதுதான் பேச்சு. "அப்ப உங்கட அம்மா வீடு குடுக்கல்லையா?" என்று பக்கத்து வளவு அக்கா முதல் வாரமே கேட்டுவிட்டார். நாங்கள் இருக்கிற கல்லடி வீடும் மச்சாளுடையதுதான், அதாவது கணவரின் கூடப்பிறந்தவருடையது. அவர் லண்டனில் இருக்கிறார். மாமியோடு, அதாவது என் மாமியாரோடு, நாங்கள் இருந்து பார்த்துக்கொள்கிறோம்.

வந்தது 2022இல். பெட்ரோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை. முந்தின வருடம்தான் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தி விவசாயிகளை நடுத்தெருவில் விட்டிருந்தார்கள். ஜூனில் அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்றது அரசாங்கம். என் கணவருக்கும் லீவு கிடைத்தது. அவர் தூங்கினார், மண்வெட்டி என் கைக்கு வந்தது.

விதைக்கு எங்கே போவது? 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு விதை உள்ளே வரக்கூடாது. அதனால் அம்மா மடித்துக் கொடுத்ததையெல்லாம் மதுரையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். டவுன் கடையில் கற்பிட்டி வெள்ளை என்ற வெள்ளரி ரகம் பாக்கெட்டில் கிடைக்கும், வீரிய ஒட்டு ரகங்களும் கிடைக்கும். ஒட்டு ரகம் முதல் போகத்தில் கொட்டும். அதன் விதையை எடுத்துப் போட்டால் என்ன வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். நான் கடைக்குக் கிளம்பியதைப் பார்த்து மாமி குசினிக்குள் போய், அடுப்புக்கு மேல் தட்டிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் போத்தலை எடுத்து வந்தார். பாதிக்குச் சாம்பல், அதற்குள் வெள்ளரி விதை.

"இத வெச்சிரு மகள். இப்ப போடாத. கச்சான் அடிக்கிது, கருகிப் போகும். மாரி முடியட்டும், மறுகா போடுவம்."

கச்சான் என்பது ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காய்ந்த காற்று. வாயைத் திறந்தால் நாக்கு வறண்டுவிடும். எனவே தை வரை குழி மட்டும் வெட்டினோம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற கல்லடி மண் முழுக்க மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் கீழே போய்விடும். குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சை, அதாவது நார் மட்டையை, கவிழ்த்து அடுக்கி, மேலே காய்ந்த சாணி, சாம்பல், சருகு போட்டு மூடவேண்டும். பொச்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் பார்த்த தோட்டக்கலை வீடியோ எதிலும் இது இல்லை.

இந்த விதைக்கு ஒரு கதை இருக்கிறது. 2004 சுனாமியில் வீட்டோடு போத்தலும் போய்விட்டது. கிணறு உப்பாகி, சில மாரி கழிந்த பிறகுதான் கொடி வைக்கிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்ததாம். அதற்குப் பிறகு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் இருக்கிற தன் அக்காவிடமிருந்து மாமி விதை வாங்கி வந்தார். அந்த அக்காவுக்குக் கல்யாணத்தின்போது கொடுத்ததே இந்த வீட்டு விதைதான். மரபு விதை என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது பிழைப்பது இப்படிச் சொந்தக்காரர் வீடுகளில்தான். ஒரே வீட்டில் பூட்டி வைத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

காய் கட்டையாக, வெளிர் பச்சையாக இருக்கும். முற்றினால் பழுப்பேறி, தோல் முழுக்க வலை பின்னியதுபோல் வெடிக்கும். படத்தில் பார்த்த சிக்கிம் வெள்ளரியும் கிட்டத்தட்ட இதே சாயல். 1848இல் கிழக்கு இமயத்தில் சுற்றிய தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், அந்த வெள்ளரியைச் சனங்கள் நாள் முழுக்கத் தின்று பாதையெல்லாம் கடித்து எறிந்திருந்ததை எழுதி வைத்திருக்கிறார். வெள்ளரியின் காட்டு உறவும் இமயத்து அடிவாரத்தில்தான் இருக்கிறது. இதை மாமியிடம் சொன்னேன். "அப்ப இது உங்கட நாட்டுக் கொடிதானே, நீயே தண்ணி ஊத்து" என்று வாளியைக் கொடுத்துவிட்டார்.

பக்கத்திலேயே வெள்ளரிப்பழக் கொடியும் ஓடியது. வெயில் ஏறினால் கல்முனை வீதியோரம் அடுக்கி விற்பார்களே, தானாக வெடித்துச் சீனி போட்டுத் தின்கிற பழம், அதுதான். இரண்டும் கலந்து விதை கெட்டுவிடுமோ என்று பயந்தேன். தேவையே இல்லை. அது முலாம்பழச் சாதி, 24 குரோமோசோம், வெள்ளரிக்கு 14. இரண்டும் கலக்காது. வெள்ளரியும் வெள்ளரியும்தான் கலக்கும், தேனீ அடுத்த வளவிலிருந்து மகரந்தம் கொண்டுவந்து போட்டுவிடும். அதனால் விதைக்கு விடுகிற பூவை மட்டும் நான் கட்டிவிடுவேன். முதலில் வருவது எல்லாம் ஆண் பூ. பெண் பூவுக்குப் பின்னால் விரல்நுனி அளவு பிஞ்சு தெரியும். மறுநாள் விரியப்போகிற இரண்டையும் சாயங்காலமே நூலால் வாய் கட்டி, காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டுத் தேய்த்து, பெண் பூவை மறுபடி கட்ட வேண்டும். காம்பில் ஒரு சிவப்புத் துணி. "என்னகா, பூவுக்குத் தாலியா?" என்று சிரித்த மாமிதான், அந்தக் காயைப் பறிக்கப் போன என் கணவரைத் துரத்தினார்.

துணி கட்டிய காய் பழுத்துக் காம்பு காயும்வரை கொடியிலேயே கிடக்கும். பிறகு வழித்து எடுத்த விதையை இரண்டு நாள் தண்ணீரில் புளிக்க விட்டால் வழுவழுப்பு கழன்றுவிடும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் காயவைத்தால் போதும். நன்றாகக் காய்ந்த விதை ஐந்து வருடமும் முளைக்கும்.

நறுக்கும்போது காம்பு நுனியை வெட்டித் தேய்ப்பதில் மட்டும் மாமியும் என் அம்மாவும் ஒரே கட்சி. கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் காம்புப் பக்கமும் தோலடியிலும்தான் கூடுதல், அதனால் வெட்டுவது சரி. தேய்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொடி தண்ணீருக்குத் தவித்தால் காய் கசக்கும்; காலையும் மாலையும் ஊற்றுவதுதான் வைத்தியம். இந்த ஊர் எருமைத் தயிரில் போட்டுப் பச்சடி செய்தால் கரண்டி நிற்கும்.

மச்சாள் ஆகஸ்டில் பிள்ளைகளோடு வருகிறாராம், வெள்ளரி வேண்டுமாம். "அவட லீவுக்கு வெள்ளரி காய்க்காது, சித்திரையில வரச் சொல்லு" என்றார் மாமி. சொல்லிவிட்டேன். ஈஸ்டர் லீவுக்கு டிக்கெட் என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.