அப்பா அம்மா வந்திருக்காங்களா? டபிள்யூ அண்ட் ஓடி ட்ரெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க

நார்தர்ன் வர்ஜீனியால இருக்குற நம்ம ஆளுங்க வீட்டுக்கு ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா மொத வாரம் வாஷிங்டன் மான்யுமென்ட், அடுத்து லூரே குகை, ஒரு லாங் வீக்கெண்ட்ல நயாகரா, அதோட லிஸ்ட் முடிஞ்சுரும். மிச்ச மாசமெல்லாம் அவங்க வீட்டுக்குள்ளதான். நாம ஆபீஸ், பசங்க ஸ்கூல், அவங்களால இங்க கார் எடுக்க முடியாது, வாசல்ல நின்னா பேச ஆள் இல்ல. ஊர்ல விடியக்காலைல எந்திரிச்சு வாக்கிங் போயிட்டு, வழியில நாலு பேரைப் பாத்து பேசிட்டு, பால் பாக்கெட் வாங்கிட்டு வர்ற மனுஷங்க இங்க வந்து ஜன்னலோரம் உக்காந்துடுறாங்க. யார் துணையும் இல்லாம அவங்களே போயிட்டு அவங்களே திரும்பி வர ஒரு பாதையை மொத வாரத்துலயே காட்டிக் குடுத்துடணும்னு நான் ரொம்ப உறுதியா நெனைக்கிறேன். நம்ம ஏரியால அது கைக்கெட்டுற தூரத்துல இருக்கு.

டபிள்யூ அண்ட் ஓடினா வாஷிங்டன் அண்ட் ஓல்ட் டொமினியன், பழைய ரயில் கம்பெனியோட பேரு. அந்த லைன் மூடினப்புறம் தண்டவாளம் இருந்த எடத்துல நடக்க, சைக்கிள் ஓட்ட போட்ட பாதைதான் இந்த ட்ரெயில். ஆர்லிங்டன்ல ஷர்லிங்டன்ல ஆரம்பிச்சு ஃபால்ஸ் சர்ச், வியன்னா, ரெஸ்டன், ஹெர்ன்டன், ஸ்டெர்லிங், ஆஷ்பர்ன், லீஸ்பர்க் வழியா பர்செல்வில் வரைக்கும் 45 மைல், முழுக்க தார் போட்ட பாதை. வியன்னாவுக்கு மேற்கால பக்கத்துலயே குதிரைக்குன்னு தனியா ஒரு ஜல்லிப் பாதையும் ஓடுது. ஆஷ்பர்ன்லயும் ஹெர்ன்டன்லயும் எவ்வளவோ தமிழ் குடும்பம் இருக்கு, பல பேருக்கு வீட்ல இருந்து நடந்தே போற தூரம்தான், ஆனா சைக்கிள்காரங்க போற எடம்னு நெனைச்சு விட்டுடறாங்க.

எங்க அம்மாவுக்கு முட்டி வலி. கிரேட் ஃபால்ஸ்ல பாறை மேல ஏறி எறங்குறதெல்லாம் நடக்காத காரியம், ஷெனான்டோவா மலைப் பக்கம் கேக்கவே வேணாம். இங்க மட்டும் வலி தெரியாம நடக்குறாங்க. அது ஏன்னு அப்பா பாத்த ஒடனே சொல்லிட்டாரு. அவர் சதர்ன் ரயில்வேல தண்டவாளம் பாத்துக்குற செக்‌ஷன்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். "எஞ்சின் பாரத்தை இழுத்துட்டு செங்குத்தா ஏறாதுடா, அதனால மேட்டை வெட்டி பள்ளத்தை நெரப்பி லைன் போட்டிருப்பான், இங்க பாரு இது கட்டிங், அங்க தெரியுதே அது பேங்க், மண்ணு கொட்டி ஒசத்தின கரை" அப்படின்னு கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கிட்டே வந்தாரு. அன்னிக்கு நீராவி எஞ்சினுக்காக எவனெவனோ மண்ணு சுமந்து சமப்படுத்தினது இன்னிக்கு எங்க அம்மா முட்டிக்கு உதவுது, எனக்கு இத நெனைச்சா நெசமாவே சந்தோஷமா இருக்கு. லீஸ்பர்க் தாண்டி கிளார்க்ஸ் கேப் பக்கம் போறப்ப மட்டும் ஏத்தம் கொஞ்சம் தெரியும், மத்தபடி சமதளம் மாதிரிதான்.

வியன்னால ட்ரெயில் ஓரமா பழைய ஸ்டேஷன் கட்டடம் அப்படியே இருக்கு, ட்ரெய்னோட கடைசில மாட்டுற கார்டு வண்டி ஒண்ணும் செவப்பு கலர்ல நிக்குது. 1861 ஜூன் 17-ஆம் தேதி, அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பிச்ச புதுசுல, வடக்குப் படையோட ஒஹையோ சோல்ஜர்ஸை ஏத்திட்டு இந்த லைன்ல வந்த ட்ரெய்னை வியன்னா பக்கத்துல தெற்குப் படை பீரங்கி வெச்சு அடிச்சாங்க. எஞ்சின் பின்னாடி இருந்து தள்ளிட்டு வந்திருக்கு, சண்டை ஆரம்பிச்சதும் டிரைவர் எஞ்சினைக் கழட்டிட்டு அலெக்ஸாண்ட்ரியா பக்கமா திரும்பிப் போயிட்டாரு, சோல்ஜர்ஸ் நடந்துதான் பின்வாங்க வேண்டியதா போச்சு. இத நான் சொன்னதும் அப்பா நடையை நிறுத்திட்டாரு. "எந்த டிரைவராவது வண்டியை நடுவழில விட்டுட்டுப் போவானா?"ன்னு அவருக்கு அவ்வளவு கோவம். அம்மா "பீரங்கி சுட்டா பின்ன என்ன பண்ணுவான், அவனுக்கும் புள்ள குட்டி இருக்கும்ல"ன்னாங்க. அடுத்த ரெண்டு மைலுக்கு இதேதான் பேச்சு, எவ்வளவு நாள் கழிச்சு ரெண்டு பேரும் இப்படி வாய் ஓயாம பேசி நான் கேட்டேன்.

ஆளுங்க ஏறுற வண்டி 1951-லயே நின்னுருச்சு, 1968-ல கூட்ஸும் நின்னுச்சு. ரோடும் காரும் வந்தப்புறம் லைனுக்கு வருமானம் இல்ல. நெலத்தைக் கரண்ட் கம்பெனி வாங்கினாங்க, அதான் ட்ரெயில் நெடுக தலைக்கு மேல ஹை டென்ஷன் லைன் போகுது. 1974-ல ஃபால்ஸ் சர்ச்ல ஒரு சின்ன துண்டுக்கு மட்டும் பாதை போட்டுப் பாத்து, ஜனங்க வந்து குவிஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா நீட்டி 1988-ல பர்செல்வில்லைத் தொட்டுருக்காங்க. அகலம் ஏறக்கொறைய 100 அடி, நீளம் 45 மைல், இப்படி ஒரு பார்க்! லைன் மூடினப்பவே பிளாட் போட்டு வித்திருந்தா இன்னிக்கு ஒரு அடி கெடைச்சிருக்காது, ஆஷ்பர்ன்ல டேட்டா சென்டர் கட்ட எடத்துக்கு இருக்குற அடிபிடி நமக்குத் தெரியும்ல.

பெரியவங்கள தனியா அனுப்புறதுக்கு முன்னாடி சிலது சொல்லிக்குடுங்க. வலது பக்கமா நடக்கணும், ஊர்ல இடது பக்கப் பழக்கம், காலு தானா அங்கதான் போகும். பின்னாடி சைக்கிள்காரங்க "ஆன் யுவர் லெஃப்ட்"னு குரல் குடுத்தா இடது பக்கமா தாண்டிப் போறேன்னு அர்த்தம், நகராம அப்படியே வலது ஓரமா நடந்துட்டே இருக்கணும், லெஃப்ட்னு கேட்டதும் லெஃப்ட்ல ஒதுங்கினா நேரா சைக்கிள் முன்னாடிதான் போய் நிப்பாங்க. நாலு பேர் சேந்தா கை கோத்த மாதிரி வரிசையா நடக்குறது நம்ம பழக்கம், அத இங்க கண்டிப்பா விட்டுடணும், சனி ஞாயிறு சைக்கிள் நல்ல வேகத்துல வரும். ரோடு குறுக்கிடுற எடத்துல நின்னு பாத்துதான் தாண்டணும், வண்டி நிக்கும்னு நம்பி எறங்கக் கூடாது. அப்புறம் பாத்ரூம், எல்லா எடத்துலயும் கெடையாது, வீட்ல இருந்து கெளம்பறப்பவே பாத்துக்கணும்.

இன்னொரு முக்கியமான விஷயம், அரை மைலுக்கு ஒரு மைல் போஸ்ட் இருக்கு. அப்பாவுக்கு இங்கிலீஷ்ல வழி சொல்லவோ ரோடு பேர் படிச்சுக் காட்டவோ அவசியமே இல்ல, போன் போட்டு "இருபதாவது மைல் போஸ்ட்டு"ன்னா ஹெர்ன்டன் பக்கம்னு எனக்குத் தெரிஞ்சுரும். இந்த ஒரு தைரியம் வந்ததும் அவங்க ரெண்டு பேரும் என்னை எதிர்பாக்குறதே இல்ல, காலைல ஷூ மாட்டிட்டுக் கெளம்பிடுறாங்க. ஆஷ்பர்ன் பக்கம் எதிர்ல பாதிப்பேர் நம்மூர் பெரியவங்கதான், அம்மாவுக்கு ரெண்டு தெலுங்கு ஃப்ரெண்ட்ஸ் கெடைச்சாச்சு, ஒரு மாதிரி மூணு பாஷையையும் கலந்து பேசிக்கிறாங்க, யார் வீட்டு கறிவேப்பிலைச் செடி தாங்குச்சு, யார் மருமக மாசமா இருக்கான்னு சாயங்காலம் எனக்கு மொத்த நியூஸும் வந்துரும்.

டிக்கெட் போடுறவங்களுக்கு ஒண்ணு. ஜூலை ஆகஸ்ட்ல புழுக்கமும் வெயிலும் ஜாஸ்தி, காலைல எட்டு மணிக்குள்ள நடந்து முடிச்சாதான் உண்டு, புல்லுப் பக்கம் எறங்கினா டிக் பூச்சி, அதான் உண்ணி, இருக்கான்னு காலைப் பாத்துக்கணும். ஏப்ரல் கடைசியில வந்து ஜூன்ல திரும்புற மாதிரியோ, இல்ல செப்டம்பர்ல வந்து இலை கலர் மாறுறதையும் பாத்துட்டுப் போற மாதிரியோ போடுங்க, குளிர் காலத்துல மட்டும் வரவெக்காதீங்க.