கையைக் கடிக்காத சூரிச்

சுவிட்சர்லாந்து விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே அந்த நாடு நம் சட்டைப் பையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. நம் செலவை ஏற்க அங்கே யாரும் இல்லையென்றால், தங்கும் நாள் ஒவ்வொன்றுக்கும் தலைக்கு 100 ஃபிராங்க் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது. ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல்! சரி, வங்கிக் கணக்கைக் காட்டக் காசா பணமா? காட்டிவிட்டேன். செலவழிப்பதற்கு வேறு கணக்கு வைத்திருந்தேன்: கட்டில் வாடகை போக, அதில் கால்பங்கு.

பிராக், புடாபெஸ்ட் என்று மலிவான ஊராகப் பார்த்துப் போகக் கூடாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். விமானச் சீட்டு மலிவாக அமைந்தது சூரிச்சுக்குத்தான். அதோடு, விலை அதிகமான ஊர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊரில் சாதாரண ஜனங்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள் என்று பார்க்கும் ஆசையும் இருந்தது.

போய் இறங்கியதும் விலைப் பலகைகளை வாசிப்பதே வேலையாகிவிட்டது. ஒரு காபி 5, 6 ஃபிராங்க். கெபாப் 12க்குக் குறையாது. ஓட்டலில் உட்கார்ந்து சுமாரான மதியச் சாப்பாடு என்றால் 25. முடிதிருத்தும் கடை வாசலில் இருந்த பட்டியலைப் படித்துவிட்டு, என் தலையை ஒருமுறை தடவிக்கொண்டு நகர்ந்தேன். அப்புறம் சூப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்தால், அரைக் கிலோ பாஸ்தா ஒரு ஃபிராங்கை ஒட்டி, ஒரு லிட்டர் பால் 2 ஃபிராங்குக்குள். ரொட்டி, ஆப்பிள், வாழைப்பழம் எல்லாம் தாங்கக்கூடிய விலைதான். அங்கே கூடையும் கையுமாக நின்றபோதுதான் ஊரின் கணக்கு பிடிபட்டது. மனிதக் கை படுகிற இடத்தில்தான் இங்கே விலை ஏறுகிறது. ஒருவர் நமக்காகச் சமைத்தால், பரிமாறினால், முடி வெட்டினால், அவர் அந்த ஊரில் குடும்பம் நடத்தும் அளவுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் மாவாட்டுபவர், கல்லில் நிற்பவர், மேசை துடைப்பவர் என்று பத்துப் பேர் உழைத்து ஒரு தோசை வந்து சேரும். விலையில் அவர்களில் பாதிப்பேர்கூடத் தெரிய மாட்டார்கள். ஆக, என் வேலையை நானே பார்த்துக்கொண்டால் சூரிச் அவ்வளவு மிரட்டவில்லை.

தங்கியது ஆறு பேர் படுக்கும் விடுதி அறை. அடுக்குக் கட்டில், இரவுக்கு 50 ஃபிராங்கை ஒட்டி. அதைவிட மலிவாக ஒன்றிரண்டு இருந்தன. சமையலறை இருந்ததால் இதைப் பிடித்தேன். வீட்டிலிருந்து பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோயிருந்தேன். நெய்யைத்தான் ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. நம் நாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பெட்டியில் கொண்டுபோக அங்கே தடை. நெய் இல்லாத பருப்புப்பொடி சாதத்தை ஆலிவ் எண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிடும்போது மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது, வயிறு படவில்லை.

மளிகைக்கு மிக்ரோ. அந்தக் கடையின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1925இல் கோட்லீப் டுட்வைலர் என்பவர் ஐந்து ஃபோர்டு வண்டிகளில் சரக்கை ஏற்றி சூரிச் தெருக்களில் விற்க ஆரம்பித்தாராம். இடைத்தரகர் இல்லாததால் விலை குறைவு. ஆறே சரக்கு: காபி, அரிசி, சர்க்கரை, நூடுல்ஸ், தேங்காய்க் கொழுப்பு, சோப்பு. நூடுல்ஸை எடுத்துவிட்டால் நம் வீட்டு மாதாந்திரச் சாமான் பட்டியலேதான்! 1941இல் கம்பெனியை வாடிக்கையாளர்களின் கூட்டுறவுச் சங்கமாக மாற்றிவிட்டார். அவர் ஏற்படுத்திய வழக்கப்படி மிக்ரோ கடைகளில் இன்றைக்கும் சாராயம் கிடையாது. விற்கலாமா என்று 2022இல் உறுப்பினர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கடை மூடும் நேரத்தை ஒட்டிப் போனால் ரொட்டி, சாலட், சான்ட்விச் மேல் 25, 50 சதவீதத் தள்ளுபடிச் சீட்டுகளை ஒட்டிக்கொண்டே வருவார்கள். ஊழியர் பின்னால் ஒரு சின்னக் கூட்டம் எதுவும் தெரியாததுபோல நகர்ந்துகொண்டிருக்கும். கோட்டு சூட்டு போட்டவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை கிடையாது என்பதைச் சனிக்கிழமையே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மத்திய ரயில் நிலையம் போன்ற சில இடங்களில் மட்டும் திறந்திருக்கும். ஊர் மொத்தமும் அந்த நிலையத்தில் நெரியும்.

தண்ணீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். நகரில் 1,200க்கு மேல் நீரூற்றுத் தொட்டிகள் இருக்கின்றன. குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் தவிர, எல்லாமே குடிதண்ணீர். கல்தொட்டி, மேலே ஒரு சிலை, இரவும் பகலும் வழிந்தோடும் குழாய். அந்தச் சில்லிப்புக்கு நான் அடிமையாகிவிட்டேன். இவற்றில் ஒரு பகுதிக்கு ஊற்று நீர் தனிக் குழாய்களில் வருகிறது. நகரக் குடிநீர் என்றைக்காவது தடைப்பட்டாலும் இவை ஓடிக்கொண்டிருக்கும்படி ஏற்பாடு. வேடிக்கை என்னவென்றால், பல ஓட்டல்களில் உள்ளே உட்கார்ந்து குழாய்த் தண்ணீர் கேட்டால் பில்லில் ஏறிவிடும். வாசலில் இலவசமாகக் கொட்டும் அதே தண்ணீர்தான். ஒருவர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து வைக்கிறார் அல்லவா?

டிராமில் கதவோ தடுப்போ கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். பரிசோதகர் வந்து, சீட்டு இல்லையென்றால் முதல் தடவைக்கே 100 ஃபிராங்க் அபராதம். நகர மண்டலத்துக்கு 24 மணி நேரச் சீட்டு எடுத்துவிட்டால் டிராம், பஸ், உள்ளூர் ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். லிமாட் ஆற்றில் போகும் படகும் அதே கணக்கில் சேர்த்தி என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைவிடுத்துச் சுற்றுலாப் படகுக்குத் தனியாகக் காசு கட்டுகிறார்கள்.

ஊருக்குள் பார்க்க வேண்டியவை எல்லாம் நடை தூரம். ஃபிராவ்முன்ஸ்டர் தேவாலயத்தில் ஓவியர் மார்க் ஷகால் செய்த ஐந்து கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்க 5 ஃபிராங்க் கொடுத்தேன். அழகுதான், கூட்டமும் அதிகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குரோஸ்முன்ஸ்டரில் உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஸ்விங்லி என்ற பாதிரியார் 1519இல் பிரசங்கம் செய்ய ஆரம்பித்த, சுவிஸ் கிறிஸ்தவச் சீர்திருத்தம் கிளம்பிய தேவாலயம் அது. அங்கே 2009இல் ஜெர்மன் ஓவியர் சிக்மார் போல்கே அமைத்த ஜன்னல்கள் சிலவற்றில் கண்ணாடி ஓவியத்துக்குப் பதில், அகேட் கல்லை மெல்லிய வில்லைகளாக அறுத்துப் பதித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே நின்று வெயில் ஏற ஏறப் பார்த்தால் சிவப்பும் ஊதாவும் பழுப்புமாகக் கல்லின் வளையங்கள் பற்றி எரிகின்றன. காசு கொடுத்துப் பார்த்ததைவிட இதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன்.

அங்கிருந்து மேலேறினால் ஷ்பீகல்காசே என்ற குறுகலான சந்து. 14ஆம் எண் வீட்டுச் சுவரில் ஒரு பலகை: 1916 பிப்ரவரி முதல் 1917 ஏப்ரல் வரை லெனின் இங்கே குடியிருந்தார். செருப்புத் தைப்பவர் ஒருவரின் வீட்டில் வாடகை அறை. பின்கட்டில் தொத்திறைச்சி ஆலை. நாற்றம் தாங்காமல் ராத்திரியில்தான் ஜன்னலைத் திறக்க முடியுமாம். அதே சந்தின் 1ஆம் எண்ணில்தான் 1916இல் கபரே வோல்டேர் என்ற கேளிக்கை அரங்கைத் திறந்து, கலை மரபுகளையெல்லாம் கேலி செய்த ‘டாடா’ இயக்கத்துக் கலைஞர்கள் கூத்தடித்தார்கள். உலகப் போர்க்காலத்தில் கையில் காசில்லாத ஆட்கள் வந்து ஒதுங்கிய தெரு. இன்றைக்கு அங்கே ஓர் அறை வாடகைக்கு எடுக்க லெனினுக்குக் கட்டுப்படியாகாது.

கோடையில் போனால் மாலை நேரத்துக்கு ஓபரர் லெட்டன். லிமாட் ஆற்றின் கால்வாயை ஒட்டிய நீச்சல் இடம், இலவசம். ஆபீஸ் முடித்து வருபவர்கள் துணியை மாற்றிக்கொண்டு மேலே போய்க் குதிக்கிறார்கள். ஓட்டமே ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். கொஞ்ச தூரம் மிதந்துபோய் ஏணியைப் பிடித்து ஏறி, ஈரக்காலோடு நடந்து வந்து மறுபடி குதிக்க வேண்டியதுதான். தொண்ணூறுகளின் முதல் பாதியில் இந்த இடத்தில் வெட்டவெளியில் ஹெராயின் விற்றார்கள், ஊசி போட்டுக்கொண்டார்கள். 1995இல்தான் அரசு மூடியது என்று சொன்னால் இப்போது நம்ப முடியாது. தாமிரபரணியில் நீந்திப் பழகியவன் என்ற தைரியத்தில் நானும் இறங்கினேன். நீச்சல் சரியாகத் தெரியாதவர்கள் கரையிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாளைத் திரும்ப வாழலாம் என்றால் ஊட்லிபெர்க் போன நாளைத்தான் கேட்பேன். 870 மீட்டர் உயர மலை; மத்திய நிலையத்திலிருந்து எஸ்10 ரயில் உச்சிக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஃபெல்செனெக் வரை மலைமுகட்டிலேயே ஒரு நடைபாதை. கோள்களின் பாதை என்று பெயர். சூரியக் குடும்பத்தை நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி வழிநெடுக வைத்திருக்கிறார்கள், ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் கிலோமீட்டர். சூரியன் 1.4 மீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. அங்கிருந்து 150 மீட்டர் நடந்தால் பூமி: ஒரு கொண்டைக்கடலை அளவு. வியாழன் வரை சும்மா பேசிக்கொண்டே வந்துவிடலாம். அதற்கப்புறம்தான் விண்வெளி எவ்வளவு வெறுமை என்று கால்கள் சொல்ல ஆரம்பிக்கும். யுரேனஸ் எப்போது வரும், நெப்டியூன் எப்போது வரும் என்று ஆகிவிட்டது. 2006இல் கோள் பதவி பறிபோன புளூட்டோவும் கடைசியில் இருக்கிறது. பாவம், யாரும் எடுக்கவில்லை. இடப்பக்கம் மரங்களுக்கு இடையே சூரிச் ஏரி, அதற்கும் அப்பால் பனிமலைகள். கையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, இரண்டு தக்காளி.

ஃபெல்செனெக்கிலிருந்து கேபிள் கார் இருக்கிறது. நான் காட்டுவழியில் நடந்தே அட்லிஸ்வீலில் இறங்கினேன். அங்கே நம் ஆள் இருக்கிறார்: சிவசுப்பிரமணியர். ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் அமைத்த கோயில். வெளியே கோபுரம் என்று எதையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. உள்ளே போனதும் சாம்பிராணியும் கற்பூரமும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். எண்பதுகளிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுவிட்சர்லாந்தில் இன்று சுமார் 50,000 தமிழர்கள் இருக்கிறார்கள் என்பார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார்.

"இந்தியாவோ தம்பி? எங்க நிக்கிறீங்கள்?"

விடுதியில் தங்கியிருக்கிறேன், நானே சமைத்துச் சாப்பிடுகிறேன் ஐயா என்றேன். அவர் முகத்தில் ஒரு திருப்தி.

"அதுதான் சரி. நான் முப்பது வருசம் ஹோட்டல் குசினியிலதான் வேலை செய்தனான். சமைச்சதெல்லாம் மற்ற ஆக்களுக்கு. காசு குடுத்து வெளியில சாப்பிட்டதை விரல் விட்டு எண்ணலாம்."

25 ஃபிராங்க் சாப்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கைகளில் இரண்டை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். வலது மணிக்கட்டில் பழைய எண்ணெய்க் கொப்புளத்தின் தழும்பு இருந்தது. மகள் படித்து முடித்து வங்கியில் வேலை பார்க்கிறாளாம். அவள் வெளியில் சாப்பிடுவாளா என்று கேட்டேன். "அவையள் இஞ்ச பிறந்த பிள்ளையள், கணக்குப் பாக்காயினம்" என்று சிரித்தார்.

ஊருக்கு சாக்லேட் எங்கே வாங்கலாம் என்றும் அவரிடமே கேட்டேன். "ஸ்ரேசனடியில வாங்காதேங்கோ. மிக்ரோவில பச்சை வெள்ளைப் பக்கெற் இருக்கு. பிள்ளையள் சின்னனா இருக்கேக்க நாங்கள் அதைத்தான் வாங்கிறனாங்கள்."

அது மிக்ரோவின் மலிவு வரிசை. உறையில் பச்சையும் வெள்ளையுமாகப் பெயரையே திரும்பத் திரும்ப அச்சடித்திருப்பார்கள். பசு, பனிமலை படமெல்லாம் கிடையாது. விமான நிலையத்தில் தங்கத் தாள் சுற்றி அடுக்கியிருப்பதன் விலையில் பாதிகூட வராது, ருசியில் குறை சொல்ல முடியாது. மிச்சமிருந்த சில்லறையை எல்லாம் கொட்டி ஒரு பை நிறைய வாங்கிவிட்டேன்.

திருநெல்வேலியில் பெட்டியைத் திறந்ததும் மதினி ஒரு பாக்கெட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன கொழுந்தனாரே, இது சுவிஸ்ல வாங்கினதா, ரேஷன் கடையில வாங்கினதா?"

நான் டுட்வைலர் கதையை ஆரம்பிப்பதற்குள் பிள்ளைகள் மூன்று பாக்கெட்டைக் காலி செய்திருந்தார்கள்.