கார்வெட் ரன்-ஃப்ளாட் பஞ்சர்: ஒரு பணிமனை நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025

ஹூஸ்டன். எட்டாம் தலைமுறை கார்வெட் ஸ்டிங்ரே (செவர்லே ஸ்போர்ட்ஸ் கார்), இடது பின் டயரில் ஸ்க்ரூ. டயர் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் இசட்பி, அளவு 305/30 இசட்ஆர் 20. இசட்பி என்பது மிஷலின் தன் ரன்-ஃப்ளாட்டுக்கு, அதாவது காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயருக்கு, வைத்த பெயர். டாஷ்போர்டு காற்றழுத்தம் 11 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 11 பவுண்டு) காட்டுகிறது. வெளியே நின்று பார்த்தால் காற்று இறங்கியதே தெரியவில்லை. ரன்-ஃப்ளாட்டின் நன்மையும் ஆபத்தும் இதுதான். பக்கச்சுவருக்குள் வைத்திருக்கும் தடித்த ரப்பர் காரைத் தாங்கிக்கொள்கிறது. ஸ்டியரிங்கும் அதிகம் இழுக்காது, ஓட்டுபவருக்கு எதுவும் உறைக்காது.

அதனால்தான் காற்றழுத்த சென்சார் இல்லாமல் இந்த டயரைக் கொடுப்பதில்லை. 1994இல் கார்வெட்டில் ரன்-ஃப்ளாட் விருப்பத் தேர்வாக வந்தபோதே அழுத்த எச்சரிக்கையும் கூடவே வந்தது. 1997இல் வந்த ஐந்தாம் தலைமுறையிலிருந்து உதிரிச் சக்கரமே கிடையாது. அமெரிக்க விதிப்படி, குறித்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 30 பிஎஸ்ஐ வைக்கச் சொன்ன டயர் என்றால் 22.5இல் எரியும்.

காரை மேலே ஏற்றும் முன் கேட்க வேண்டியவை மூன்று. விளக்கு எரிந்தபோது எத்தனை பிஎஸ்ஐ? அதன் பிறகு எவ்வளவு தூரம்? என்ன வேகம்? இசட்பி டயருக்குச் சொல்லப்பட்ட எல்லை, காற்றே இல்லாத நிலையில் 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம். வீடு போய்ச் சேருவதற்கான எல்லை அது. அதற்குள் ஓட்டிவிட்டால் டயர் தப்பித்தது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எந்த உறுதியும் யாரும் கொடுக்கவில்லை. இந்த காரின் பதில்: எச்சரிக்கைக்குப் பிறகும் நெடுஞ்சாலையில் வழக்கமான வேகம். குறித்துக்கொண்டோம்.

பிப்ரவரி 4

ஸ்க்ரூ பட்டனின் (டயரில் சாலையைத் தொடும் பகுதி) நடுவில், பள்ளத்தை ஒட்டி இருக்கிறது. இடம் நல்ல இடம். பழுது பார்க்கலாம் என்பது பட்டன் பகுதிக்கு மட்டும்தான். பட்டன் பக்கச்சுவரோடு சேரும் தோள் வளைவிலும், பக்கச்சுவரிலும் கிடையாது. பிரிட்டனின் பிஎஸ் ஏயு 159 தரநிலை பட்டன் அகலத்தின் நடு முக்கால் பங்கை மட்டுமே அனுமதிக்கிறது. துளை 6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்ட டயரில் வேலை செய்வதில் அர்த்தமில்லை.

ஸ்க்ரூவைப் பிடுங்கவில்லை. எந்தக் கோணத்தில் உள்ளே போயிருக்கிறது என்பதை அதுதான் காட்டும். பிடுங்கும் முன் இரண்டு சாக்பீஸ் குறி வைக்க வேண்டும்: துளைக்கு நேரே பக்கச்சுவரில் ஒன்று, வால்வுக்கு நேரே டயரில் இன்னொன்று. திரும்பப் பூட்டும்போது டயர் ரிம்மில் அதே இடத்தில் உட்கார்ந்தால் பேலன்ஸ் பெரிதாக மாறாது.

தூக்குவதில் கவனம். கார்வெட்டின் சட்டகம் அலுமினியம், அடிப்பகுதியெல்லாம் பிளாஸ்டிக் மூடிகள். கையேட்டில் காட்டிய தூக்குமிடங்களைத் தவிர வேறெங்கும் ஜாக் வைக்கக் கூடாது.

பிப்ரவரி 5

கழற்றும் நாள். சாதாரண டயரைக் கழற்றுகிற மாதிரி இதைக் கழற்றினால் ரிம் கீறும், பீட் (ரிம்மைக் கவ்விப் பிடிக்கும், கம்பி வைத்த டயர் விளிம்பு) கிழியும், சில சமயம் சென்சாரும் உடையும். பக்கச்சுவர் இவ்வளவு விறைப்பாக இருப்பதால் பீட் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தானாக இறங்காது. உதவிக் கையும் அழுத்து உருளையும் உள்ள இயந்திரம் வேண்டும். கடப்பாரை இல்லாமல் கழற்றும் வகையென்றால் இன்னும் நல்லது.

முதலில் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க இறக்க வேண்டும். பீட்டை உடைக்கும் தட்டை வால்வுக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது. சென்சார் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பீட் பேஸ்ட்டை இரண்டு பக்கமும் தாராளமாகப் பூச வேண்டும். கழற்றும் தலை வேலை செய்யும் இடத்துக்கு நேரெதிரே பீட் நடுப்பள்ளத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு கால் சுற்றிலும் பார்க்க வேண்டும். இயந்திரம் திணறினால் பலத்தைக் கூட்டாமல் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கத்தை அழுத்த வேண்டும். பீட் கம்பி ஒருமுறை மடங்கிவிட்டால் டயர் குப்பைதான்.

வெப்பநிலையும் கணக்கில் வரும். ஜெர்மன் ரப்பர் தொழில் சங்கத்தின் வழிகாட்டல், 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் ரன்-ஃப்ளாட்டைத் தொடாதே என்கிறது. டயரை முதல்நாள் இரவே உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுவது எளிது. பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற கோடைக்கால டயர் என்றால், மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே வளைத்தாலே பட்டன் ரப்பர் விரிசல் விடக்கூடும்.

பிப்ரவரி 6

இந்த வேலையின் உயிர்நாடி உட்புறப் பரிசோதனை. துளை எப்படியும் அடைபடும். துளை விழுந்த பிறகு பக்கச்சுவர் என்ன பாடுபட்டது என்பதை வைத்துத்தான் டயர் பிழைக்குமா இல்லையா என்று சொல்ல முடியும்.

காற்று இறங்கியதும் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை அழுந்தி நிமிர்கிறது. ரப்பர் வளையும்போது ஒரு பங்கு சக்தி வெப்பமாக உள்ளேயே தங்கும். தடித்த ரப்பர் என்பதால் அந்த வெப்பம் சீக்கிரம் வெளியேறாது. வெப்பம் ஏற ஏற ரப்பருக்கும் நூலிழைக்கும் உள்ள பிடிப்பு விடும். சூட்டைத் தாங்க வேண்டும் என்றுதான் ரன்-ஃப்ளாட்டுகளில் பெரும்பாலும் ரேயான் இழை போடுகிறார்கள். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. எட்டாம் தலைமுறையில் எஞ்சின் நடுவில் இருக்கிறது, எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்சக்கரங்களில். ஆகவே பின் டயர் பஞ்சரானால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும்.

டயரைச் சாய்த்ததும் கறுப்பு ரப்பர் தூள் கொட்டியது. காபித்தூள் பதத்தில், விரலில் ஒட்டும் தூள். மடிந்த சுவர் தன்மேலேயே உராய்ந்ததால் உதிர்ந்தது அது. தூளைத் துடைத்துவிட்டு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோம். நேராக வெளிச்சம் போட்டால் எதுவும் தெரியாது, சாய்வாகப் போட்டால் சுருக்கங்கள் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். பீட்டுக்கு மேலே மூன்று விரல்கடை உயரத்தில், டயர் முழுதும் சுற்றிவரும் ஒரு சுருக்க வளையம். அதில் ஓரிடத்தில் உள்லைனர் (காற்றை உள்ளே நிறுத்தும் உட்புற ரப்பர் படலம்) நீலம் பாரித்திருக்கிறது. வெளியே அதே உயரத்தில் தேய்ந்த ஒரு கோடு.

பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்: தூள், சுருக்கம், நிறமாற்றம், கொப்புளம், பீட் விளிம்பில் கிழிசல், வெளிச்சுவரில் வளையத் தேய்மானம். ஒன்று உறுதியாக இருந்தாலே டயரை ஒதுக்க வேண்டும். இதில் நான்கு இருக்கின்றன. துளை 4 மி.மீ. கூட இல்லை, நட்டநடுவில் வேறு. ஆனாலும் டயர் போய்விட்டது. மறுபடி காற்றடித்தால் பார்வைக்குப் புதிது போலவே நிற்கும். அடுத்த பஞ்சரில், அல்லது அதற்கும் முன்பே நெடுஞ்சாலை வேகத்தில், சுவர் விட்டுவிடும்.

டயரை விரிக்கும் கருவியால் இந்தச் சுவரைப் பலமாக விரித்துப் பார்ப்பது எங்களுக்குப் பிடிக்காத பழக்கம். பரிசோதனையே சேதம் செய்துவிடும். கைக்கண்ணாடியும் விளக்கும் போதும்.

பிப்ரவரி 12

முன் டயர், 245/35 இசட்ஆர் 19, அதே ரகம். ஆணி 5 மி.மீ., முந்தைய துளையைவிடப் பெரியது. ஆனால் எச்சரிக்கை வந்தது 22 பிஎஸ்ஐயில், கார் அப்போதே ஓரங்கட்டப்பட்டு லாரியில் வந்தது. உள்ளே தூள் இல்லை, லைனர் வழவழப்பாகச் சீராக இருக்கிறது. இதைப் பழுது பார்க்கலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. ரன்-ஃப்ளாட் பழுதை எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. மிஷலின் தன் இசட்பி டயருக்கு, அழுத்தமின்றி ஓடாதிருந்தால், பட்டன் பகுதிப் பழுதை ஏற்கிறது. வேறு சிலர் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். அந்தந்த டயரின் உத்தரவாதப் புத்தகத்தைப் பார்த்த பிறகே துரப்பணத்தை எடுக்க வேண்டும்.

முதலில் மழுங்கிய ஊசியால் துளையின் கோணம் பார்க்க வேண்டும். நேர்குத்திலிருந்து 25 டிகிரிக்குள் சாய்ந்திருந்தால், துளையை நிரப்பும் ரப்பர் தண்டும் லைனரில் ஒட்டும் பேட்ச்சும் ஒன்றாயிருக்கும் காளான் வடிவ ஒட்டு. அதைவிடச் சாய்ந்திருந்தால் தண்டு தனி, பேட்ச் தனி. இது ஏறக்குறைய நேராக இருந்தது.

அடுத்து, கார்பைட் கட்டரை மெதுவான துரப்பணத்தில் போட்டு, நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு மேல் போகாமல், உள்ளிருந்து வெளியே ஆணி போன அதே கோணத்தில் மூன்று முறை விட வேண்டும். அறுந்த எஃகு இழைகளின் கூர்முனைகள் உள்ளே நின்றால் தண்டை நாளடைவில் அறுக்கும். அவற்றைச் சுத்தமாக வெட்டத்தான் கட்டர். பிறகு 6 மி.மீ. தண்டு இறுக்கமாக உட்கார வேண்டும்.

லைனரில் டயர் வார்ப்பு மசகு ஒட்டியிருக்கும். பஃப் அடிக்கும் (ஒட்டு பிடிக்க ரப்பரைச் சுரசுரப்பாக்கும்) முன் துப்புரவுத் திரவம் ஊற்றி, ஈரம் காயும் முன் சுரண்டியால் வழிக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பஃப் அடித்தால் மசகு ரப்பருக்குள்ளேயே தேய்ந்து ஏறும், சில வாரத்தில் பேட்ச் ஓரம் கிளம்பும். ஒட்டு கழன்று திரும்பி வரும் வேலைகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான்.

பேட்ச்சைவிட ஒவ்வொரு பக்கமும் 12 மி.மீ. கூடுதலாகக் கோடு போட்டு, 5,000 சுற்றுக்குக் கீழ் பஃப் அடிக்க வேண்டும். மேற்பரப்பு மெல்லிய வெல்வெட் போல் மங்கினால் போதும். இழை தெரிந்துவிட்டால் டயர் அங்கேயே முடிந்தது. தூளை வேக்குவத்தால் எடுக்கவும். கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் வரும்.

சொல்யூஷனை (ஒட்டும் பசை) மெல்லிசாக, ஒரே பூச்சு. துளைக்குள்ளும் கொஞ்சம். 3 முதல் 5 நிமிடம் என்று டப்பாவில் இருக்கும். ஹூஸ்டன் ஈரக்காற்றில் அதற்கு மேலும் ஆகும், கடிகாரத்தை நம்பாமல் விரல் கணுவின் பின்புறத்தால் தொட்டுப் பார்க்கவும். ஒட்ட வேண்டும், கையோடு வரக் கூடாது. ஊதியும் விளக்குச் சூடு காட்டியும் அவசரப்படுத்தினால் மேலே தோல் கட்டும், அடியில் கரைப்பான் அடைபட்டு நிற்கும்.

தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, பேட்ச் லைனரில் படிந்ததும் உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பலமாக உருட்ட வேண்டும், நடுவில் காற்று நிற்கக் கூடாது. பேட்ச்சில் அம்பு இருந்தால் அது பீட்டைப் பார்க்கட்டும். டயரை விரித்து வைத்தபடி ஒட்டக் கூடாது, விட்டதும் பேட்ச் சுருங்கும். பஃப் அடித்து மீந்த விளிம்பு முழுக்க லைனர் சீலர். வெளியே தண்டை இழுக்காமல் பட்டனுக்கு மேல் 3 மி.மீ. விட்டு வெட்டவும்.

பிப்ரவரி 13

பூட்டுதல். சென்சார் வால்வின் ரப்பர் வளையம், நட், ஊசி மூன்றையும் புதிதாகப் போட்டாயிற்று. வால்வின் அலுமினியத் தண்டில் பித்தளை ஊசி போட்டால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். நிக்கல் பூசியதே போட வேண்டும்.

பீட்டை உட்காரவைக்க 40 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. அதற்குள் உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, பேஸ்ட் பூசி, திரும்ப ஆரம்பிக்க வேண்டும். விறைத்த சுவர் என்பதால் "இன்னும் கொஞ்சம்" என்று ஏற்றத் தோன்றும். டயர் வெடித்துக் கை போவது அப்படித்தான். பிறகு கதவோரச் சீட்டில் உள்ள அழுத்தம், சோப்புத் தண்ணீர் (துளை, வால்வு, இரண்டு பீட் ஓரங்கள்), பேலன்ஸ். வீல் நட் 190 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து.

பிப்ரவரி 19

கயிற்று பிளக் (துளையில் திணிக்கும் பசைக் கயிறு) அடித்த பின்சக்கர டயர் ஒன்று, வேறொரு கடையில் வெளியிலிருந்தே ரிம்மோடு குத்தியது. காற்று நிற்கிறது. ஆனால் கழற்றாமல் போட்ட ஒட்டு என்பதால் சுவரை யாரும் பார்க்கவில்லை, உள்லைனரும் அடைபடவில்லை. கயிற்றோரம் ஈரம் இறங்கினால் எஃகு பெல்ட் துருப்பிடிக்கும். பணிமனை போய்ச் சேரும்வரை கயிறு உதவும், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. இந்த டயரில் கயிறு துளையையே 8 மி.மீ.க்கு அகட்டிவிட்டது. காப்பாற்ற முடிந்திருக்கும் டயர்.

டப்பா சீலன்ட் (டயருக்குள் செலுத்தித் துளையை அடைக்கும் திரவம்) பற்றியும்: சென்சாரின் சின்னத் துவாரத்தை அடைக்கும், லைனரில் ஒட்டு பிடிக்காது. ரன்-ஃப்ளாட்டுக்கு அது தேவையே இல்லை.

பிப்ரவரி 26

3ஆம் தேதி வந்த காருக்குப் புதிய டயர் வந்தது. இன்னொரு பின் டயர் பாதி தேய்ந்திருந்ததால் இரண்டையும் மாற்றும்படி சொன்னோம். பின்னச்சில் சுற்றளவு வேறுபட்டால் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கர அமைப்பு) ஓயாமல் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் சுழற்றி மாற்றும் வழியும் இந்த காரில் இல்லை.

மார்ச் 5

பிப்ரவரி 12ஆம் தேதி ஒட்டிய முன் டயர் மறுபரிசோதனை. காலைக் குளிரில், ஓட்டும் முன் அளந்தது: முன் இரண்டுக்கும் வித்தியாசம் அரை பிஎஸ்ஐக்குள். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும் என்பதால், எதிர்ப்பக்க டயரோடு ஒப்பிட்டால்தான் கசிவு தெரியும். தண்டு பட்டன் மட்டத்துக்குத் தேய்ந்திருக்கிறது, சோப்பில் குமிழி இல்லை.

பந்தயத் தளத்தில் ஓட்டலாமா என்று கேட்டார் உரிமையாளர். ஒட்டிய டயருக்கு வேகக் குறியீடு நீடிக்குமா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. எங்கள் பதில் கூடாது என்பதே. இந்த கார் மணிக்கு 290 கி.மீ.யைத் தாண்டும். தெருவுக்கு இந்த டயர், தளத்துக்கு வேறு டயர். இதே டயரில் இன்னொரு முறை அழுத்தம் குறைந்து ஓட்டப்பட்டால், பேட்ச் நன்றாக இருந்தாலும் மீண்டும் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தாயிற்று.