இருபது பாகம், பதினைந்து பாகம்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூரில் தேவனாம்பட்டினத்திலிருந்து சிங்காரத்தோப்பு வரை ஒரே பேச்சுதான்: துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு ஏத்தியிருக்கான்? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2020-இல் நிவர், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று பார்த்த ஊர் கேட்காமல் இருக்குமா? இந்த மாதங்களில் ஆறுதலுக்கு வேதத்தை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் 46-ஆம் சங்கீதத்துக்கோ 91-க்கோ போவார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் கடலோரத்துக்காரர்கள் இன்னும் நிதானமாக வாசிக்க வேண்டிய அதிகாரம் அப்போஸ்தலர் 27 என்பேன். கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தில் அது திருத்தூதர் பணிகள்.

கைதியாக ரோமுக்குப் போகிற பவுல், கோதுமை ஏற்றிய கப்பல், 276 பேர், பதினாலு நாள் புயல். பழைய மொழிபெயர்ப்பில் வரும் முன்னணியம் (கப்பலின் முன்பக்கம்), பின்னணியம் (பின்பக்கம்), பாகம் ஆகிய சொற்களுக்கு உள்நாட்டு வாசகருக்குத்தான் அகராதி தேவைப்படுமே தவிர, கடலுக்குப் போகிறவருக்கு வேண்டியதில்லை. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. பதினாலாம் ராத்திரி, நட்சத்திரம்கூடத் தெரியாத இருட்டில், மாலுமிகள் விழுதுவிட்டு (குண்டு கட்டிய கயிற்றை இறக்கி) ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் பதினைந்து. கரை கிட்டே இருக்கிறது, பாறையும் இருக்கலாம்.

கஷ்டகாலத்தில் விசுவாசம் என்றால் முதலில் இந்த வேலைதான், ஆழம் பார்ப்பது. "கஷ்டமா இருக்கு ஆண்டவரே" என்பது விழுது தரையைத் தொடாத ஜெபம். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துத் தேதி போட்டு, இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். குழுக்கடன் தவணை எவ்வளவு, எந்தக் கிழமை. நகை எப்போது ஏலத்துக்குப் போகும். ஸ்கேன் முடிவு என்றைக்கு. அப்புறம் 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து சத்தமாக வாசியுங்கள். மொத்தம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை "எதுவரைக்கும்" வரும். ஒவ்வொரு "எதுவரைக்கும்"-க்குப் பிறகும் நிறுத்தி, நோட்டிலிருந்து ஒரு வரியைப் படியுங்கள். மூன்றாம் வசனத்தில் விண்ணப்பம் தொடங்குகிறது. அங்கே ஒன்றே ஒன்றைக் கேளுங்கள், பத்து வேண்டாம். கடைசி இரண்டு வசனமும் நம்பிக்கையும் பாட்டும். வாய் வரவில்லை என்றால் நாலாம் வசனத்தோடு மூடிவைத்துவிடலாம், பாவமில்லை. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்துத்தான் இருக்கிறார்கள்.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். முறையிடுவது அவிசுவாசம் என்று யாரோ சொல்லிவைத்திருப்பார்கள். நேரே ஸ்தோத்திர பலிக்கு, அதாவது நன்றி சொல்லித் துதிப்பதற்கு, தாவுவார்கள். சொல்லாத முறையீடு எங்கேயும் போவதில்லை. சாயங்காலம் வீட்டுப் பிள்ளைகள்மேல் எரிந்து விழும்.

அடுத்தது நங்கூரம். பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டார்கள் என்றதும் பிரசங்கங்களில் அந்த நாலுக்கும் பெயர் வைப்பதுண்டு: விசுவாசம், நம்பிக்கை, அன்பு, ஜெபம். எனக்கு அதில் பிடித்தமில்லை. வசனம் சொல்வது இரும்பைத்தான். நங்கூரம் காற்றை நிறுத்தாது, அலையைக் குறைக்காது. பாறைக்குப் போகாமல் விடியும்வரை பிடித்து வைக்கும், அவ்வளவே. அதற்கும் கயிறு தாராளமாக விட வேண்டும். ஆழம் எவ்வளவோ அவ்வளவே கயிறு விட்டால் அலை தூக்குகிறபோது நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வரும்; ஆழத்தைப்போல் சில மடங்கு விட்டால்தான் கிடையாகக் கிடந்து மண்ணைக் கவ்வும். ஜெப ஒழுங்கும் அப்படித்தான், இறுக்கினால் பிடுங்கிக்கொள்ளும். நெருக்கடி வந்த அன்றைக்கே, நாளையிலிருந்து விடியற்காலை மூன்று மணி, மூன்று மணி நேரம் என்று பொருத்தனை பண்ணுகிறவர்கள் நாலாம் நாள் தூங்கிப்போவார்கள். அதோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும், ஜெபமே நின்றுவிடும். பத்து நிமிஷம் போதும். ஒரே நேரம், ஒரே இடம், ஏழு நாளைக்கு ஒரே சங்கீதம். தினம் ஒரு புதுவசனம் தேடி வாக்குத்தத்த அட்டையைப் புரட்டுவதைவிட இது நன்றாகப் பிடிக்கும். கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் வாசிக்க முடியாத நாளில் அவர் வாசிப்பார்.

இதைவிட எளியது சாப்பாடு. ஆனால் விட்டுப்போவதும் அதுதான். பதினாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாத ஆட்களிடம் பவுல் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பிடுங்கள், பிழைப்பதற்கு இது வேண்டும் என்கிறார். அப்பத்தை எடுத்து எல்லார் முன்பாகவும் ஸ்தோத்திரம் சொல்லிப் பிட்டுத் தானே முதலில் சாப்பிடுகிறார். 1 இராஜாக்கள் 19-இலும் இதே கதைதான். சாகவேண்டும் என்று சூரைச்செடியடியில் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுத் தூங்கியவரைத் தூதன் எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான், ஆண்டவர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு. ஆகையால் துக்க வீட்டில் முதல் வாரம் யாரையும் உபவாசத்துக்கு இழுக்காதீர்கள். சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, மனநல மாத்திரை எதையும் "விசுவாசத்தில்" நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு அபிஷேகம் பெற்றவராக இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடலாம். தூக்கமே வராமல் சாவு நினைப்பு வருகிறதென்றால் போதகருக்குப் போன் போடுகிற அதே கையோடு 14416-க்கும் போடுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண், கட்டணமில்லை.

கப்பல் பாரம் குறையச் சரக்கைக் கடலில் எறிந்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் கோதுமையையே எறிந்தார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கி மொய் எழுதுவது நம் கோதுமை, அதை எறியலாம்.

கப்பல் விஷயத்துக்கு வருவோம். உயிர்ச்சேதம் வராது, கப்பல் மட்டும் போகும் என்று பவுல் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "விசுவாசித்தால் எதுவும் போகாது" என்கிற போதனைக்கு இந்த அதிகாரத்தில் இடமே இல்லை. தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஜெபிக்கிற வீட்டுத் தோப்பு, ஜெபிக்காத வீட்டுத் தோப்பு என்று காற்று பார்க்கவில்லை. அப்படி இழந்தவரிடம் போய் "எல்லாம் நன்மைக்கே" என்று முதல் நாளே சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்ததும் கெட்டது. நிவாரண லாரி வருகிற நாளில் கூட்டம் இருக்கும், நீங்கள் வேண்டாம். அது நின்ற பிறகு, பதினைந்தாம் நாள் வாக்கில், அரிசியும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். நனைந்துபோன ரேஷன் கார்டு, பட்டா நகல் வாங்க அலுவலகத்துக்குக் கூட நடங்கள்.

276 பேரும் கரை சேர்ந்தார்கள். நீந்தத் தெரிந்தவர் நீந்தி, மற்றவர்கள் பலகைமேலும் உடைந்த துண்டுகள்மேலும். மெலித்தா தீவில் (இன்றைய மால்டா) அன்றைக்கும் மழை, குளிர். ஊர்க்காரர்கள் நெருப்பு மூட்டினார்கள். பவுலும் குனிந்து சுள்ளி பொறுக்கினார்.